கித்தார் வாசித்தவர் யார்?

1982-ம் ஆண்டில் 'பயணங்கள் முடிவதில்லை' என்ற படம் வெளிவந்தது. அதிலே வரும் 'இளைய நிலா' பாட்டைக் கேட்டிராத தமிழர் இருப்பாரா என்பது சந்தேகமே. பாட்டுக்கு முன்னால் ஒரு கித்தார் பேசுகிறது. அது பேசத் தொடங்கியவுடனேயே இன்ன பாட்டு என்று கண்டுகொண்டு, கேட்பவர் தலையாட்டத் தொடங்கிவிடுகிறார். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலையை அந்தக் கித்தார் முடித்துவிடுகிறது.

அந்தப் பாட்டைப் பாடியவர் யார் என்று கேளுங்கள். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். எழுதியவர் வைரமுத்து, இசை அமைத்தவர் இளையராஜா, படத்தில் நடித்தவர் மோகன் என்று மற்ற விவரங்களும் தாமாகவே வந்து விழும். சரி, கித்தார் வாசித்தவர் யார்? இங்கேதான் பேச்சு நின்றுபோகும். "யாராவது ஒருத்தர் வாசித்திருப்பார்" என்று சொல்லி நாம் மேலே நடந்துவிடுவோம்.

அவர் பெயர் ஆர். சந்திரசேகர். இளையராஜாவின் வாத்தியக் கோஷ்டியில் நெடுங்காலம் கித்தார் வாசித்தவர். நாற்பது வருஷத்துக்கு மேலாக வீட்டிலும், டீக்கடையிலும், பஸ்ஸிலும் நாம் கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய விரல்களைத்தான். விரல்களை அறிவோம், ஆளை அறியோம்.

இது ஒரு மனிதருடைய குறை அன்று. ஒரு தொழிலின் நிலைமை. 1931-ல் தமிழில் பேசும் படம் வந்த நாள் முதலாகப் பாட்டுக்குப் பின்னாலிருந்து வாசித்தவர்கள் எத்தனையோ பேர். இசைத்தட்டின் மேல் படத்தின் பெயர், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் ஆகியோர் பெயரை அச்சிட்டார்கள். வாசித்தவர்கள் அனைவரும் 'வாத்திய கோஷ்டி' என்ற ஒரே போர்வைக்குள் போய்விட்டார்கள். இப்போது இசைத்தட்டும் போய், காசெட்டும் போய், கைப்பேசியில் பாட்டு வருகிறது. போர்வை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

திருச்சியின் வழக்கம்

திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்கு இந்த நிலைமை சற்று விநோதமாகவே படவேண்டும். ஏனென்றால், வாசித்தவர் பெயரைச் சொல்லுவது இந்த ஊரில் நன்றாக ஊறிப்போன வழக்கம்.

1939-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அங்கிருந்து கர்நாடக சங்கீதக் கச்சேரி ஒலிபரப்பாகும்போது அறிவிப்பாளர் என்ன சொல்லுவார் என்பது காவிரியின் இரு கரைக்காரருக்கும் மனப்பாடம். முதலில் பாடுகிறவர் பெயர். பிறகு வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார். கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதற்கும் ஒரு பெயர். கச்சேரி முடிந்தவுடன் அத்தனை பெயர்களையும் இன்னொரு தடவை சொல்லுவார். கேட்கிறவர் அடுப்படியில் இருந்தாலும் அவை காதில் விழத்தான் செய்யும். அதோடு, பக்கவாத்தியக்காரரும் வானொலியில் தனியே தேர்வுக்குப் போகவேண்டும். அவருக்கென்று தனித் தரம் உண்டு; தனிச் சன்மானம் உண்டு. பாடகரோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் என்று அவரை வானொலி எண்ணியதில்லை.

சபாக்களிலும் அதே முறைதான். ரயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி. நடேச ஐயர் 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். சிறு பிள்ளையாக இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரை மேடையேற்றிய சபா அது. அப்படிப்பட்ட பெரிய சபாவின் அழைப்பிதழ் ஆனாலும் சரி, ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருப் பிள்ளையார் கோவில் உற்சவத்துக்கு அடிக்கிற நோட்டீஸ் ஆனாலும் சரி, 'பாட்டு' என்று ஒரு பெயர் இருந்தால் அதற்குக் கீழே வயலின், மிருதங்கம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். பெயரை விட்டுவிட்டால் வித்துவான் கோபித்துக்கொள்வார். அவர் கோபித்துக்கொள்வது நியாயந்தான் என்று ஊரும் சொல்லும்.

இந்த வழக்கத்தினால் என்ன பலன்? லால்குடி ஜெயராமனைப் பாருங்கள். பாடகர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசிக்கத் தொடங்கியவர் அவர். ஒவ்வொரு கச்சேரியிலும் அவருடைய பெயர் சொல்லப்பட்டது. "இன்று யார் வயலின்?" என்று ரசிகர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் லால்குடி என்ற சிற்றூரின் பெயரே வயலினுக்கு மறுபெயராக உலகம் சுற்றியது. லால்குடிக்கு அடுத்த பூவாளூரில் 1942-ல் பிறந்த மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனும் அப்படித்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்று, பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்களுக்கு வாசித்தார். 1971-ல் கனடாவின் டொராண்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்தில் நம் சங்கீதத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 2011-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது அளித்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் என்பதற்காக இவர்கள் பெயரை யாரும் மறைத்து வைக்கவில்லை.

இந்த மரியாதையும் தானாக வந்துவிட்டதாக எண்ணவேண்டாம். மிருதங்க வித்துவான் ஒருவர் சங்கீத கலாநிதி ஆவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் பாலக்காடு மணி ஐயருக்கு அந்த விருது கிடைத்தது. கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி வளர்ந்த மரியாதை இது. வளர்த்தவர்களில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு.

"கித்தார் மேல்நாட்டு வாத்தியம் ஆயிற்றே, அதற்கு இந்த முறை பொருந்துமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வயலின் எந்த நாட்டிலிருந்து வந்தது? கிளாரினெட் எந்த நாட்டு வாத்தியம்? அந்தக் கிளாரினெட்டில் கர்நாடக ராகங்களை வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததே! வாத்தியம் எங்கே பிறந்தது என்று பார்த்து மரியாதை செய்கிற ஊர் அல்ல இது.

இரண்டு கித்தார்க்காரர்கள்

கித்தார் வாசித்துப் பிழைக்கிறவரின் வாழ்க்கை இரண்டு வகை. ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் கால்ஷீட் கணக்கில் வாசிப்பது. மற்றொன்று, கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிப்பது. இரண்டையும் செய்து பார்த்தவர்களில் நாம் அனைவரும் அறிந்தவர் இளையராஜாவேதான். சிறு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் கோஷ்டியோடு தென்னாடு முழுவதும் மேடை மேடையாகச் சுற்றினார். பிறகு சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலீல் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களுக்குக் கித்தார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகுதான் அவர் பெயர் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன் எந்தெந்தப் பாட்டில் அவர் கித்தார் வாசித்தார் என்று ஒரு முழு ஜாபிதா தயாரிக்க நினைத்தால், அவருக்கே கூட அது சுலபமாக இராது. அவர் கதியே இதுவானால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பது லேசான காரியம் என்று யாரும் நினைக்கக்கூடாது. காலையில் போய் உட்கார்ந்தால் ஸ்வரம் எழுதிய காகிதத்தை முன்னால் வைப்பார்கள். அதுவரை அந்த மெட்டை அவர் கேட்டதே இராது. பார்த்த மாத்திரத்தில் பிசகில்லாமல் வாசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து பதிவு செய்தார்கள். ஒருவர் விரல் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே வாசித்துவிட்டுப் போகிறார்கள். தவறினால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். சௌகரியந்தான். ஆனால் வாசித்ததை வெட்டி, ஒட்டி, வேறு பாட்டில் சேர்ப்பதும் அதே அளவுக்குச் சௌகரியமாகிவிட்டது. யந்திரத்துக்குப் பழைய வாசிப்பைப் பழக்கி, அதே மாதிரி புதிதாக வாசிக்கச் செய்யும் வித்தையும் வந்திருக்கிறது. இந்த நிலையில், "அது என் வாசிப்பு" என்று சொல்ல ஒருவரிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? பெயர் எழுதிய ஒரு வரிகூட இல்லையே!

இனி மேடைக் கித்தாரைப் பார்ப்போம். திருச்சிக்கு இது புதிதல்ல. பொன்மலை ரயில்வே காலனியில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்திலேயே கித்தார் இங்கே குடியேறிவிட்டது. பின்னால் மெல்லிசைக் குழுக்கள் வந்தன. லீட், ரிதம், பேஸ் என்று கித்தாரிலேயே மூன்று வேலைகள் பிரிந்தன. இன்று உறையூரில் கல்யாண வரவேற்பு என்றால், நாளை முசிறிப் பக்கம் மாரியம்மன் திருவிழா. மறுநாள் மணப்பாறையில் ஒரு விழா. வேனில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நள்ளிரவு வரை வாசித்துவிட்டு, விடிகிற வேளையில் வீடு திரும்புவார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாவிட்டாலும் அம்மன் திருவிழா கைகொடுக்கும். மார்கழியில் கல்யாணமே கிடையாது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது முகூர்த்தமும் முடங்கிற்று, திருவிழாவும் முடங்கிற்று. மாதச் சம்பளமோ, பென்ஷனோ, விடுப்புச் சம்பளமோ அறியாத தொழில் இது.

இந்த மேடைக் கித்தார்க்காரர் தொழில் கற்றுக்கொண்டது யாரிடம்? பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, சென்னையில் யாரோ ஒருவர் வாசித்ததைத் தம் விரலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆக, அந்த 'யாரோ ஒருவர்' இவருக்குக் குருநாதர். குருவின் பெயர் தெரியாத சிஷ்யர்கள் நிறைந்த சங்கீதம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

சட்டத்தில் ஒரு சந்து

'பெயர் இல்லாவிட்டால் என்ன, கூலி வந்தால் போதாதா?' என்று கேட்பவர்கள் 2012-ம் ஆண்டில் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். பாடினாலும், வாசித்தாலும், நடித்தாலும் அந்தக் கலைஞருக்குச் சில உரிமைகள் உண்டு என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. பதிவு செய்ததை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டியில் பங்கு உண்டு. இன்னார் வாசித்தது என்று தம் பெயரைச் சொல்லும்படி கேட்கவும் உரிமை உண்டு. நல்ல சட்டம்!

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ, சிறு துணையாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாவிட்டால், அவரைக் 'கலைஞர்' என்றே கொள்ள வேண்டியதில்லை. அவருடைய வாசிப்பைத் திரித்துச் சிதைத்து அவர் பெயரைக் கெடுத்தால் மட்டும் வழக்குப் போடலாம். அவ்வளவுதான் அவருக்கு மிச்சம்.

இதன் விபரீதத்தைக் கவனியுங்கள். பெயரைப் போடுங்கள் என்று கேட்க உரிமை வேண்டும். அந்த உரிமை வேண்டுமானால் பெயர் போடுகிற வழக்கம் முன்னமே இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதையாக இருக்கிறது! 'இளைய நிலா'வின் கித்தார் 'சிறு துணை' அல்ல என்று ரசிகர்கள் அனைவரும் சத்தியம் செய்வார்கள். ஆனாலும், சந்து என்று ஒன்று இருந்தால் அதில் நுழைகிறவர் ஒருவர் வரத்தான் செய்வார்.

இன்று பாட்டின் உரிமை யாருக்கு என்று இசையமைப்பாளர்களும் கம்பெனிகளும் கோர்ட்டில் வாதாடுகிறார்கள். பாடகர்கள் 2013-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டு ராயல்டி கேட்டுப் பெறத் தொடங்கினார்கள். வாத்தியக்காரர்களுக்கும் நாளைக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க எல்லோரும் சம்மதித்தாலும், யாருக்கென்று கொடுப்பது? வாசித்தவர் பட்டியல் எங்கே?

பிற தேசங்களில்

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். டெட்ராயிட் நகரத்தில் மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' கோஷ்டியின் பெயர்கள் நெடுநாள் இசைத்தட்டில் வரவே இல்லை. 1971-ல் மார்வின் கே பாடிய ஒரு தட்டின் உறையில்தான் அவர்கள் பெயர்கள் முதன்முதலாக அச்சேறின. இன்றோ அந்நாட்டில் இணைய வானொலிகளிலும் சாட்டிலைட் வானொலிகளிலும் வசூலாகும் ராயல்டியில் 100-க்கு 5 பங்கு, பின்னாலிருந்து வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் என்று சட்டமே ஒதுக்கிவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2011-ல் இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. ஒரு பதிவுக்கு 50 வருஷம் ஆகிவிட்டால், அதன் பிறகு அதில் வரும் வருமானத்தில் 100-க்கு 20 பங்கை, ஒரே தடவை கூலி வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனவர்களுக்காகக் கம்பெனி ஒதுக்கிவைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. இதனால் எந்தக் கம்பெனியும் மூடப்பட்டுவிடவில்லை.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் தம் பாட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களைப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பேஸ் கித்தார் கீத் பீட்டர்ஸ், புல்லாங்குழல் நவீன் குமார் என்று ரசிகர்கள் பெயர் சொல்லிப் பேசுவதற்கு அதுவே காரணம். செய்யலாம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஓர் ஆட்சேபம்

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "பெயருக்கு இவ்வளவு ஆசை எதற்கு? நம் கோவிலில் இரவு வேளையில் பெருமாளுக்கு வீணை வாசிக்கிறார்களே, அவர்கள் பெயரை யார் பறைசாற்றுகிறார்கள்? வாசிப்பதே ஒரு கைங்கரியந்தானே!" என்று கேட்கக்கூடும்.

நல்ல கேள்விதான். கைங்கரியம் செய்கிறவர் தாமே விரும்பித் தம் பெயரைப் பின்னால் வைத்துக்கொள்கிறார். அங்கே வாசிப்பு விலைக்குப் போவதில்லை. சினிமாப் பாட்டோ விற்கிற சரக்கு. அதை விற்று எல்லோரும் பெயரும் பணமும் பெற்றுக்கொண்டு, ஒருவரை மட்டும், "நீர் கைங்கரியம் செய்ததாக வைத்துக்கொள்ளும்" என்று சொன்னால், அது பக்தி ஆகாது. தியாகம் என்பது அவரவர் செய்வது. பிறரைச் செய்ய வைப்பதற்கு வேறு பெயர் உண்டு.

நாம் செய்யக்கூடியது

சட்டத்தில் உள்ள சந்தை அடைக்க வேண்டியது பார்லிமெண்ட். திரையில் கார் ஓட்டியவர், சாப்பாடு போட்டவர் பெயரெல்லாம் இப்போது ஓடுகின்றன, நியாயந்தான். அதோடு, பாட்டுக்குப் பாட்டு வாசித்தவர் பெயரையும் சேர்க்க வேண்டியவர்கள் படத் தயாரிப்பாளர்கள். கைப்பேசியில் பாட்டு விற்கும் கம்பெனிகளுக்கு இடப் பஞ்சம் என்ற சாக்கும் கிடையாது. இசைத்தட்டின் நடுவில் இருந்தது உள்ளங்கை அகலக் காகிதம். இன்றைய கம்ப்யூட்டரிலோ பெயர்களுக்கு எல்லையே இல்லை.

ஆனால் அவர்கள் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. திருச்சியிலோ, ஸ்ரீரங்கத்திலோ கல்யாணத்துக்கு மெல்லிசைக் குழுவை ஏற்பாடு செய்கிறவர்கள், குழுவின் பெயரோடு நின்றுவிடாமல், கித்தார் இன்னார், கீபோர்டு இன்னார், தபேலா இன்னார் என்று வரவேற்புப் பலகையில் எழுதச் சொல்லலாம். திருவிழா நோட்டீஸில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் இரண்டு பக்கம் வருகிறது. வாசிக்கிறவர்களுக்கு நாலு வரி ஒதுக்கினால் நோட்டீஸ் தாங்கும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, சபையோரைக் கை தட்டச் செய்வதற்கு ஒரு நிமிஷம் போதும். நம் ஊர் வானொலியும் சினிமாப் பாட்டை ஒலிபரப்பும்போது, தெரிந்த மட்டில் வாத்தியக்காரர் பெயரையும் சொல்லலாம். கச்சேரிக்குச் செய்துவந்ததைப் பாட்டுக்கும் செய்வதில் என்ன தடை?

பழைய கோஷ்டிகளில் வாசித்தவர்கள் பலர் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பது இன்று அவர்களுடைய ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதி வைக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்களும் ரசிகர் சங்கங்களும் இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

அடுத்த தடவை ஒரு பாட்டின் முன்னால் கித்தார் ஒலித்தால், பக்கத்தில் இருப்பவரிடம், "இது யார் வாசிப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பாதகமில்லை. "இன்று யார் வயலின்?" என்று ரசிகர்கள் விசாரித்ததனால்தான் பக்கவாத்தியக்காரர்களின் மதிப்பு உயர்ந்தது. கித்தாருக்கும் நாம் விசாரிக்கத் தொடங்குவோம்.